தப்பாச் செய்யறதுக்கு ஒரு ஆள்

பை நல்லா உள்ள போயிருச்சா? கம்பியில இடிக்கலையே? உள்ள ஸ்டாண்டு இருக்கு, வட்ட லைட்டு இருக்கு, அதான் கேட்டேன். ரொம்ப நன்றிம்மா. நானே தூக்கி வச்சிருப்பேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடிப்பு கலைஞ்சா மதுரை வரைக்கும் அசிங்கமா உட்கார்ந்திருக்கணும். அதுக்காகத்தான் உங்களைக் கேட்டேன். மத்தபடி கையில ஒண்ணும் கிடையாது.

நீங்களும் மாட்டுத்தாவணிதானா? நல்லதாப் போச்சு. முதல்ல கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. கோவிச்சுக்காதீங்க, பத்தொன்பது வருஷமா யோகா சொல்லிக் குடுக்குறேன், பக்கத்துல ஒருத்தர் கூன் போட்டு உட்கார்ந்தா எனக்குப் பொறுக்காது. ஆங், அப்படி. தோளைப் பின்னாடி விடுங்க. திருச்சியில எடமலைப்பட்டிபுதூர் வந்து பிரபாவதி டீச்சர் வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க, யார் வேணா காட்டுவாங்க. மாடியில தகரக் கொட்டகை போட்டு வச்சிருக்கேன். காலையில ரெண்டு வகுப்பு, சாயங்காலம் ஒண்ணு. சுகப்பிரசவம் ஆனவங்க இருக்காங்க, முட்டி ஆபரேஷன் வேண்டாம்னு ஆனவங்க இருக்காங்க. எல்லாம் இந்தக் கை தொட்டுத் திருத்தினதுதான்.

இப்ப தங்கச்சி வீட்டுக்குப் போறேன். விருந்துக்கு இல்ல. வீடியோ எடுக்க. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நேரலை. பன்னெண்டு சுற்று சூரிய நமஸ்காரம், நான் ஒருத்தியே, நடுவுல நிறுத்தாம. குரூப்புல அறிவிச்சாச்சு, சேனல்ல போட்டாச்சு, ஆயிரத்து நூறு பேர் பார்த்தாச்சு. இனிமே மாத்த முடியாது. நேரலைன்னா வெட்டி ஒட்டுற வேலையும் கிடையாது, பாருங்க. செஞ்சா செஞ்சதுதான், விழுந்தா விழுந்ததுதான். அதை ஏன் சொந்த வீட்டுல எடுக்கலைன்னு கேக்குறீங்களா? சொந்த வீட்டுல என் வீட்டுக்காரர் இருக்கார்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

எனக்கு இந்த வீடியோ வியாதியே கிடையாது. போன்ல யோகா சொல்லிக் குடுக்குறேன்னு வருதுங்களே, பார்த்திருப்பீங்க. இருபத்தி ரெண்டு வயசுப் பொண்ணு, கடற்கரையில நின்னுக்கிட்டு, காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னாடி போட்டுக்கிட்டு இளிக்கும். உடம்பு வளையுது, வளைக்குது. அதைப் பார்த்து ரெண்டு பிள்ளை பெத்தவ என்ன கத்துப்பா? மூச்சை எப்ப இழுக்கணும், எப்ப விடணும்னு ஒரு வார்த்தை இருக்காது. பின்னாடி புல்லாங்குழல் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். என் வகுப்புக்கு வர்றவளுங்க அதைப் பார்த்துட்டு வந்து, டீச்சர், அதுல வேற மாதிரி பண்றாங்களே, டீச்சர், நீங்க ஏன் வீடியோ போடலைன்னு ஆரம்பிச்சாளுங்க. சரி, ஒழுங்கா ஒண்ணு எப்படி இருக்கும்னு ஊருக்குக் காட்டுவோம்னு தை மாசம் இறங்கினேன். ஸ்டாண்டு வாங்கினேன், லைட்டு வாங்கினேன், காலர்ல குத்துற மைக்கு வாங்கினேன்.

முதல் வீடியோவுல என் தலை வரலை. ரெண்டாவதுல தலை வந்துச்சு, கால் வரலை. மூணாவதுல எல்லாம் வந்துச்சு, குனிஞ்சப்ப மைக்கு புடவையில உரசி, ஏதோ பூனை சண்டை போடுற மாதிரி சத்தம். இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதான். நாலாவது நல்லா வந்தது. புஜங்காசனம். குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்குறது. அழகா, நிதானமா செஞ்சு, இதோ இப்படி, இந்த மாதிரின்னு காட்டி முடிச்சேன்.

அப்பதான் எங்க வீட்டுக்காரர் உள்ள நுழைஞ்சார்.

அவரைப் பத்திச் சொல்லணும். பேரு ஞானசேகரன். டெப்போவுல முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக். பஸ்சுக்கு அடியில மல்லாக்கப் படுத்தே ஆயுசு போயிருச்சு. போன ஆனியில ரிட்டையர் ஆனார். என் வகுப்புக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்தது கிடையாது. குனிஞ்சு தன் கால் கட்டை விரலைத் தொட்டு இருபது வருஷம் ஆச்சு. தொப்பையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, சேனலுக்குப் போனா நீங்களே பாப்பீங்க.

இந்த மனுஷன் அந்தப் புஜங்காசன வீடியோவைப் போட்டு, போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு, கூடத்துல பாயில குப்புறப் படுத்துக் கிடக்கார். என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, நீ படுக்கச் சொல்லிட்டு இதோ இப்படிங்கிறே, நான் தரையைப் பாக்குறேன், உன்னை எங்கே பாக்குறதுங்கிறார். படுத்திருக்கிறவனுக்குக் காதுதான் உண்டு, வாயால சொல்லுன்னு எனக்குப் பாடம் எடுக்குறார். பத்தொன்பது வருஷம் சொல்லிக் குடுத்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அடுத்த வீடியோவுலேருந்து நானேதான் மாத்தினேன். உள்ளங்கை நெஞ்சுக்குப் பக்கத்துல, முழங்கை உடம்போட ஒட்டி, இப்ப மூச்சை இழுத்துக்கிட்டே மேலேன்னு எல்லாத்தையும் வாயால சொன்னேன். அவர் சொல்லி மாத்தினதா நினைச்சுக்கிட்டிருக்கார் இன்னும்.

அப்புறம் ஒரு சிக்கல். யோகா வகுப்புல சரியாச் செய்யறதைக் காட்டினாப் போதாது, தப்பாச் செய்யறதையும் காட்டணும். இப்படிச் செஞ்சா இடுப்பு பிடிக்கும், இப்படிச் செய்யாதீங்கன்னு ஒரு ஆளை நிறுத்திக் காட்டணும். வகுப்புல யாரையாவது எழுப்பி விடுவேன். வீடியோன்னதும் எல்லாரும் பின்வாங்கிட்டாளுங்க. தப்பாச் செய்யறதை உலகம் பார்க்கணுமா, வேண்டாம் டீச்சர்னு. யோசிச்சுப் பார்த்தேன். தப்பாச் செய்யறதுக்குன்னே பொறந்த ஒருத்தர் வீட்டுலயே சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெளியில எதுக்குத் தேடணும்?

கூப்பிட்டேன். வந்தார். பனியனைப் போட்டுக்கிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. வேட்டி வேண்டாம், பேன்ட் போடுங்கன்னு அனுப்பினேன். டெப்போ காக்கி பேன்ட்டோட வந்து நின்னார். நான் சரியாச் செய்வேன், அவர் பக்கத்துல தப்பாச் செய்வார். நடிக்கவே வேண்டாம், பாவம், அவருக்கு வர்றதே அதுதான்.

டிக்கெட்டா? இந்தாங்க. ஒரு மாட்டுத்தாவணி.

கேட்டீங்களா? நல்லாக் கேட்டீங்களா கண்டக்டர் என்ன சொன்னார்னு? சார் வரலைங்களா மேடம். சார் வரலைங்களாம். அவர் வீடியோக்களை டெப்போ குரூப்புல போட்டுப் போட்டு, இந்த ரூட்டுல ஓடுற டிரைவர், கண்டக்டர் பூரா பாக்குறானுங்க. நான் பாயில தலைகீழா நின்னாலும் ஒருத்தனும் அதைக் கேக்க மாட்டான். சார் எங்கே, சார் எங்கே. கமெண்ட் பூராவும் அதேதான். சார் பண்றதுதான் எங்களுக்கு வருது. சார் முகத்தைப் பார்த்தா வலி தெரியலை. டீச்சர் அழகாப் பண்றாங்க, சார் நம்ம மாதிரி பண்றார். இது பாராட்டா? தப்பாச் செய்யறதுக்கு வச்ச ஆளைப் பார்த்துத்தான் சரியாக் கத்துக்கிறாங்களாம். இந்த ஜனங்களுக்கு நல்லது காட்டவே கூடாதும்மா.

தலைப்பு வைக்கிறதுலயும் மூக்கை நுழைச்சார். நான் 'பத்மாசனம், பாகம் மூன்று'ன்னு லட்சணமா வச்சேன். அதை எடுத்துட்டு 'முட்டி வலிக்கிறவங்க கீழே உட்காருவது எப்படி'ன்னு வச்சுட்டார். அது என்ன தலைப்பா, ஆஸ்பத்திரி நோட்டீஸா? நாலாயிரம் பேர் பார்த்துட்டாங்க அதை. நான் தலைப்பு வச்ச வீடியோ ஒண்ணும் இருநூறைத் தாண்டினதில்ல. நாலாயிரம் பேருக்கும் ரசனை இல்லைன்னா நான் என்ன செய்ய?

வீடியோவோட போனாலும் பரவாயில்ல. ரிட்டையர் ஆன ஆம்பளைக்குப் பொழுது போகலைன்னா வீட்டைக் கலைச்சுப் போடுவாங்க போல. சமையல்கட்டுல மேல் தட்டுல நான் இருபத்தஞ்சு வருஷமா வரிசையா வச்சிருந்த டப்பா பூராவும், மல்லி, மிளகாய், துவரம்பருப்பு எல்லாத்தையும் இறக்கிக் கீழ் தட்டுல அடுக்கிட்டார். கேட்டா, எனக்கு எடுக்க வசதியா இருக்குங்கிறார். அவர் என்னைக்குத் துவரம்பருப்பை எடுத்தார்? மொட்டை மாடியில துணிக்கொடியை ரெண்டு அடி இறக்கிக் கட்டிட்டார், போகவும் வரவும் மூஞ்சியில ஈரத்துணி அடிக்குது. குளியலறையில சொம்பு மாட்டுற ஆணியை இடுப்பு உயரத்துல அடிச்சு வச்சிருக்கார். சாமி படத்தைக்கூட விடலை, விளக்கு ஏத்துற பலகையோட கீழ இறக்கிட்டார். வீட்டுல சித்திரக்குள்ளன் யாராவது குடி வந்திருக்கானான்னு கேட்டேன்.

எப்பலேருந்தா? தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். ஏன் கேக்குறீங்க?

விராலிமலை தாண்டிருச்சா? வெயில் இந்தப் பக்கம் வருது, ஜன்னலை நீங்களே இழுத்து விடுங்க. நான் இழுப்பேன், இது துருப்பிடிச்ச ஜன்னல், வம்பு.

நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன். இடது தோள்ல ஒரு சின்னப் பிடிப்பு, அவ்வளவுதான். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறப்ப வந்தது. எல்லாருக்கும் வர்றது. கொஞ்ச நாள்ல தானாப் போயிரும். டாக்டர்கிட்டயா? நல்லா இருக்கே. எங்க ஏரியா டாக்டர் வராண்டாவுல போய் நான் உட்கார்ந்தா, எதிர் பெஞ்சுல என் மாணவிங்க நாலு பேர் உட்கார்ந்திருப்பாளுங்க. என் வாசல்ல போர்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? கழுத்து வலி, தோள் வலி, முதுகு வலிக்கு யோகப் பயிற்சி. அந்த போர்டை வச்சுக்கிட்டு நான் தோள் வலின்னு போய் உட்காரவா? யோகா டீச்சருக்கு உடம்புதான் போர்டும்மா. அதுல ஒரு எழுத்து அழிஞ்சாலும் ஒருத்தியும் மாடிப்படி ஏற மாட்டா. வகுப்புல இப்ப எல்லாம் நான் செஞ்சு காட்டுறதில்ல. முன்வரிசையில பேங்க்ல வேலை பாக்குற சௌந்தரம்னு ஒருத்தி, நல்லா வளைவா, அவளைச் செய்யச் சொல்லிட்டு நான் வாயால சொல்றேன். சீனியர் டீச்சர்னா அப்படித்தான்.

வீடியோவுலயும் முதல் பத்து, கால், இடுப்பு, மூச்சுப் பயிற்சி. அது வேற எதுக்காகவும் இல்ல. அடிப்படையிலேருந்து முறையா வரணும்.

ஆனா ஜனங்க விடுறாங்களா? தாடாசனம் போடுங்க, சூரிய நமஸ்காரம் போடுங்கன்னு கமெண்ட். தாடாசனம்னா தெரியும்ல, நேரா நின்னு ரெண்டு கையையும் கோத்து, தலைக்கு மேல தூக்கி, குதிகாலை எழுப்புறது. சின்னப் பிள்ளை செய்யும். மாசி மாசம் ஒரு நாள் காலையில எடுக்கலாம்னு நின்னேன். கேமரா ஓடுது. அவர் ஓரமா நிக்கிறார், தப்பாச் செய்யறதுக்கு. நான் ஆரம்பிச்சேன். கால்களைச் சேர்த்து நிக்கிறோம், விரல்களைக் கோத்துக்கிறோம், மூச்சை இழுத்துக்கிட்டே கைகளை மேலேன்னு சொன்னேன். கை நெஞ்சுக்கு வந்துச்சு. அங்கேயே நிக்குது. மூச்சை இழுத்தாச்சு, விடவும் முடியலை. எவ்வளவு நேரம்னு தெரியாது. எனக்கு மேல் உதட்டுல வியர்த்துப் போச்சு.

அந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் குறுக்க வந்துட்டார். எனக்கும் கேமராவுக்கும் நடுவுல. தொப்பையோட. டீச்சர், முதல்ல நான் தப்பாச் செஞ்சு காட்டிடுறேன், அப்புறம் நீங்க திருத்துங்கன்னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் போய் நின்னுக்கிட்டார். இடது கையை எடுத்து, விரலைச் சுவத்துல வச்சு, பல்லி ஏறுற மாதிரி ஒவ்வொரு விரலா மேல ஏத்துறார். வலிக்கிற இடம் வந்தா நின்னுக்கணும், மல்லுக்கட்டக் கூடாது, துருப்பிடிச்ச நட்டை ஒரே மூச்சுல திருகினா மரை போயிரும், கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், தினம் எண்ணெய் விட்டு விட்டுத்தான் எடுக்கணும்ங்கிறார். யோகாவுல நட்டு எங்கே வந்துச்சு? பதஞ்சலி முனிவர் டெப்போவுலயா வேலை பார்த்தார்? அது பூரா அப்படியே பதிவாயிருச்சு. என் வீடியோவை என் கண் முன்னாடியே பறிச்சுக்கிட்டார்.

அன்னையிலேருந்து எல்லா வீடியோவுலயும் அவர்தான் கை. அதுவும் எப்பப் பாத்தாலும் இடது கை. எந்தப் பயிற்சியும் வலதுல ஆரம்பிச்சு இடதுல முடிக்கணும், அதுதான் முறை, நூறு தடவை சொல்லிட்டேன். கேக்கவே மாட்டார். இடது கைக்குத் தலகாணியை எப்படி அண்டக் குடுத்துத் தூங்கறது. இடது கையைத் துண்டால எப்படி இழுக்கறது. இடது கை தூக்காம எப்படித் தலை சீவறது. உங்களுக்கு வலது கை ஒண்ணு இருக்கிறது ஞாபகம் இருக்கான்னு ஒரு நாள் கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார். முட்டாள்தனத்துக்கும் ஒரு பிடிவாதம் வேணும்தானே.

அந்தத் துண்டுப் பயிற்சி, தலகாணி எல்லாம் நான் செஞ்சு பார்க்கலை. செஞ்சு பார்ப்பேனா? சும்மா ஒரு தடவை, பயிற்சி சரிதானான்னு பார்க்கறதுக்காகக் கதவைச் சாத்திக்கிட்டு வச்சுப் பார்த்தேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன், அது வேற விஷயம்.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை, எங்க ஏரியா குடியிருப்போர் சங்கத்துல கல்யாண மண்டபத்தைப் பிடிச்சு யோகா முகாம் நடத்தினாங்க. என்னைக் கூப்பிட வந்தவங்க வாசல்லயே, சாரையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்கன்னாங்க. கூட்டிட்டுப் போனேன். நூறு பேர் இருக்கும். நான் அரை மணி நேரம் பேசினேன், அருமையாப் பேசினேன். பேசி முடிச்சதும் ஒருத்தி எழுந்து, டீச்சர், நீங்க ஒரு தடவை சூரிய நமஸ்காரம் செஞ்சு காட்டுங்கன்னா. எல்லாரும் கை தட்டினாங்க. நான் பாயில முன்னாடி வந்து நின்னேன். கை கூப்பினேன். அடுத்தது கையை மேல தூக்கிப் பின்னாடி வளையணும்.

நின்னுக்கிட்டே இருந்தேன். தியானத்துல நிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டாங்க.

முன்வரிசையிலேருந்து எழுந்து வர்றார். செருப்பைக் கழட்டிட்டு மேடை ஏறுறார். மைக்கை வாங்கிக்கிட்டு, டீச்சர் செஞ்சா பார்க்க அழகா இருக்கும், ஆனா பார்த்துட்டு நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க, நான் செய்யறேன், டீச்சர் என்னைத் திருத்தட்டும், அப்பதான் உங்களுக்கு வரும்னார். ஒரே சிரிப்பு. ஒரு மணி நேரம் அந்த மனுஷன் குனியறார், விழறார், எழுந்திருக்கார், நான் பக்கத்துல நின்னு முட்டியை நேராக்குங்க, மூச்சை விடுங்கன்னு சொல்றேன். மண்டபம் பூரா அவரோட சேர்ந்து செய்யுது. கடைசியில பொன்னாடை போட்டாங்க. அவருக்கு முதல்ல. எனக்கு ரெண்டாவது. பத்தொன்பது வருஷம்மா. எனக்கு ரெண்டாவது.

வீட்டுக்கு வந்ததும் பிடிச்சேன் சண்டை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கடைசியா, "உங்களை நான் தப்பாச் செய்யறதுக்குத்தான் கூப்பிட்டேன், பெரிய மனுஷர் ஆகறதுக்கு இல்ல"ன்னேன்.

கோபப்படலை. பொன்னாடையை மடிச்சுக்கிட்டே, "சரி பிரபா, நான் தப்பாவே செஞ்சுட்டுப் போறேன். நீ ஒரு தடவை அந்தக் கையைக் காட்டு"ன்னார்.

"எந்தக் கை?"ன்னு கேட்டேன்.

பதிலுக்கு நான் நிக்கலை. உள்ள போய்க் கதவைச் சாத்தினேன், அந்தச் சூட்டோட சூடா போட்டேன் அறிவிப்பை. பன்னெண்டு சுற்று, தனியா, நேரலை. எந்தக் கையால போட்டேன்னு நீங்களும் கேக்காதீங்க.

எப்படிச் செய்வேன்னா? செய்வேன். இன்னும் மூணு நாள் இருக்கு. தங்கச்சி வீட்டு மாடியில கேமராவைக் கொஞ்சம் வலது பக்கமா வச்சா இடது பக்கம் தெரியாது. விடியக்காலை வெளிச்சம் பின்னாலேருந்து வந்தா உருவம்தான் தெரியும். ஏதாவது பண்ணிக்கலாம். என் தங்கச்சிகூட இதையேதான் கேட்டா, எப்படிக்கான்னு. உங்களை யாருன்னே தெரியாது எனக்கு, நீங்களும் அப்படியே பாக்குறீங்க. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது, சொல்லிட்டேன். பயமா இருக்குன்னு நான் சொன்னேனா? ராத்திரி தூக்கம் இல்லைன்னு சொன்னேனா? சொல்லலையே.

மேலூரா இது? போன் சத்தம் போடுது, பாருங்க. சேனல்ல புது வீடியோ. நான் போடலை. அப்ப வேற யாரு. நான் பஸ் ஏறினதும் எடுத்திருக்கார். பார்க்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க வேணா பாருங்க, கூத்து எப்படின்னு தெரியட்டும். இந்தாங்க, இப்படிப் பிடிச்சுக்கலாம், ரெண்டு பேருக்கும் தெரியும்.

எடுத்திருக்கிற லட்சணத்தைப் பாருங்க. சமையல்கட்டு. போனைப் பால் பாத்திரத்துல சாய்ச்சு வச்சிருக்கார், பாதித் தலை இல்ல. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கார் பாருங்க, தையல் வெளியில. நான் இல்லைன்னா இதுதான். என்ன சொல்றார், சத்தத்தைக் கூட்டுங்க.

"வணக்கம். டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்க. அதனால இன்னைக்குத் தப்பாச் செய்யறதுக்கு மட்டும்தான் ஆள் இருக்கு."

சிரிப்பு வேற. இருங்க, இருங்க. ஞாயித்துக்கிழமை பத்தி என்னமோ சொல்றார்.

"ஞாயித்துக்கிழமை நேரலையில டீச்சர் சூரிய நமஸ்காரத்தை நாற்காலியில உட்கார்ந்து, கையை நெஞ்சுக்கு மேல தூக்காம செய்யறது எப்படின்னு சொல்லித் தரப்போறாங்க. ஒரு கை தூக்க முடியாதவங்களுக்காக. நான்தான் கேட்டுக்கிட்டேன். எல்லாரும் வாங்க."

இவரை யாரு சொல்லச் சொன்னா? யாரைக் கேட்டுச் சொன்னார்? பன்னெண்டு சுற்றுன்னு நான் போட்டிருக்கேன், தனியான்னு போட்டிருக்கேன். நாற்காலியாம். நாற்காலி எங்கேருந்து வந்துச்சு? என்கிட்ட கேட்டுக்கிட்டாராம். எப்பக் கேட்டார்?

இன்னும் முடியலை, பேசுறார்.

"ஊருக்குப் போறவங்க பஸ்ல பையை நீங்களே மேல தூக்கி வைக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளுங்க. வச்சுக் குடுப்பாங்க. நல்ல ஜனங்கதான்."

இது யோகாவா? சொல்லுங்க. எந்தப் புத்தகத்துல இருக்கு, பையை மேல வைக்காதேன்னு? நான் கேட்டேன்தான். புடவைக்காகக் கேட்டேன்.

கீழ கமெண்ட் வந்துக்கிட்டே இருக்கு, அதுக்குள்ள. கண்டிப்பா வர்றோம் டீச்சர். நன்றி டீச்சர். டீச்சராம் எல்லாரும், இன்னைக்குத்தான் டீச்சர் கண்ணுக்குத் தெரியுது. இது ஒண்ணு நீளமா இருக்கு, யாரோ ஒரு பொண்ணு போட்டது. இவ்வளவு நீளம் எனக்குக் கண்ணாடி இல்லாம படிக்க வராது, நீங்க படிங்க.

'எனக்கு ஆறு மாசமா இடது கை தூக்க முடியலை டீச்சர். வீட்டுல யாருக்கும் சொல்லலை. சொன்னா வேலைக்கு ஆகமாட்டேன்னு நினைப்பாங்கன்னு பயம். ஞாயித்துக்கிழமை வர்றேன்.'

ஆறு மாசமாவா? பைத்தியக்காரி. வலிச்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? வீட்டுல இருக்கிறவங்க என்ன கடிச்சா தின்னுடுவாங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு...

போனைக் குடுங்க. போதும்.

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி. ஜன்னலை முழுசா மூடாம விட்டது நீங்கதானே.

அந்தத் துணிக்கொடி. அதைக் கட்டுன அன்னைக்கு நான் என்ன திட்டு திட்டினேன் தெரியுமா அந்த மனுஷனை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குற மாதிரி. முடிச்சை இறுக்கிக்கிட்டே நின்னார். பக்கத்துல வந்து நில்லு, கையை நீட்டு, எட்டுதான்னு மட்டும் கேட்டார். நான் நீட்டலை.

மாட்டுத்தாவணி வந்துருச்சு. எல்லாரும் இறங்கட்டும், நம்ம கடைசியில இறங்கலாம். நீங்க போயிடாதீங்கம்மா. அந்தப் பையை இறக்கிக் குடுங்க. புடவைக்காக இல்ல. எனக்கு இடது கை மேல போக மாட்டேங்குது, தீபாவளிக்கு முன்னாடியிலேருந்தே போக மாட்டேங்குது. மெதுவா, உள்ள ஸ்டாண்டு இருக்கு. உங்க வீட்டுல கைப்பிடி இல்லாத நாற்காலி ஏதாவது இருக்கா? கேக்குறேன், அவ்வளவுதான். தங்கச்சி வீட்டுல எல்லாம் சோபா.

இந்தப் பஸ்ல பேசினதையெல்லாம் கமெண்ட்ல எழுதிடாதீங்க. அந்த மனுஷன் ஒண்ணு விடாமப் படிப்பார்.